முனிரத்தினத்தின் முதுகு

அந்த வருடம் கத்திரி வெயில் தொடங்கிய நான்காம் நாள், குடியாத்தத்தில் எங்கள் தெருவில், பியூலா தன் அக்கா சலோமியின் முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோது, வேர்க்குரு எழுத்தாக இருந்தது.

பியூலாவுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. ஆறு வயதில் விடுதிப் பள்ளியில் சேர்ந்து, தாளில் மேடாக எழும்பும் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கிற பிரெயில் எழுத்தைக் கற்று, அதிலேயே பி.ஏ. வரைக்கும் முடித்து, இப்போது வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டு அக்கா வீட்டில் இருந்தாள். எழுத்து இருக்கிற இடத்தில் விரல் பட்டால் விரல் படிக்கும், அதற்கு யாரும் உத்தரவு கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே அக்காவின் தோள்பட்டைக்குக் கீழே வரிசை பிசகாமல் எழும்பியிருந்த புள்ளிகளை அவள் விரல் தன்பாட்டுக்குப் படித்தது, வாய் தன்பாட்டுக்குச் சொன்னது.

"ஒரு நாளாவது ஏழு மணி வரைக்கும் தூங்கணும்."

சலோமி ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "உங்க மாமாகிட்ட சொல்லாத," என்றாள். மறுநாள் காலையில் பியூலா எழுந்து பால் காய்ச்சினாள், சலோமி ஏழேகால் வரைக்கும் தூங்கினாள், அன்று சாயங்காலம் தொட்டுப் பார்த்தபோது அந்த இடத்தில் தோல் வழவழவென்று இருந்தது.

வேர்க்குருவை ஒரு வீட்டோடு நிறுத்திவைக்க முடியாது. அந்த வாரமே எதிர்வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஷம்ஷாத் தன் முழங்கையைக் கொண்டுவந்து நீட்டினாள், பியூலா படித்தாள், படித்தது அவளுக்கே விளங்கவில்லை: "பானி கப் ஆதா கி." ஷம்ஷாத் சிரித்துச் சிரித்து இருமினாள். "தண்ணி எப்ப வருமோன்னு கேக்குது. நான் பொறந்ததுலேர்ந்து அதைத்தானே கேட்டுகினு கீறேன், இதைச் சொல்ல வேர்க்குரு வேற வரணுமா?" உருது தெரியாத பியூலா உருதைப் படித்தது எப்படி என்று சலோமி கேட்க, பியூலா சொன்னாள்: கண்ணால் படிக்கிறவர்களுக்குத்தான் ஒவ்வொரு மொழிக்கும் வேறு வேறு எழுத்து, புள்ளி எழுத்தில் நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே புள்ளிகள், தமிழில் 'ம' எந்த இடத்தில் எழும்புமோ தெலுங்கிலும் உருதிலும் அதே இடத்தில்தான் எழும்பும், அதனால் எதையும் வாய்விட்டுப் படித்துவிடலாம், அர்த்தம்தான் தெரியாது. "பூட்டைத் திறக்கலாம், வீட்டுல யாரு இருக்காங்கன்னு தெரியாது," என்றாள்.

தார் உருகிச் செருப்பைப் பிடித்துக்கொள்கிற தெருவில், ஓட்டின்மேல் காயவைத்த வடகம் அங்கேயே பொரிந்துவிடுகிற தெருவில், வேர்க்குரு எழுத்தாக வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுகாதார ஆய்வாளர் வந்து நான்கு பேரைப் பார்த்து, 'வேர்க்குரு, கோடையில் இயல்பு' என்று எழுதிக்கொண்டு, தன் பிடரியை மட்டும் பியூலாவிடம் காட்டிவிட்டுப் போனார். அவர் கழுத்தில் என்ன இருந்தது என்று பியூலா அவர் காதில் மட்டும் சொன்னாள், அவர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, வந்த வழியே போகாமல் ஆற்றுப் பக்கமாக நடந்து போனார். மறைவானதாகத் தோன்றினால் அவரவர் காதில் மட்டும்தான் சொல்வது என்பது பியூலா முதல் வாரமே வைத்துக்கொண்ட வழக்கம். மடியில் கனம் இருந்தவர்கள் மே மாதத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, வேர்த்து வேர்த்து, இன்னும் நான்கு வரி சேர்த்துக்கொண்டார்கள். இதற்கு முன் பியூலாவைக் கண்டால் காதும் கேட்காதவள்போல் உரக்கப் பேசிய பெண்களும், கேட்காமலே கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட்ட ஆண்களும், இப்போது வாசலில் நின்று, "பியூலாம்மா, நேரம் கீதா?" என்று கேட்டார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது, அதை அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தெருவில் வேர்க்குருவே வராத ஆள் ஒருவர்தான். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஏகாம்பரத்துக்குக் காது கேட்காது, வாய் பேசாது, நெருப்பு போட்ட இஸ்திரிப் பெட்டியின் பக்கத்திலேயே நாள் முழுதும் நிற்கிறார், ஆனாலும் ஒரு புள்ளி எழும்பவில்லை. அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் கையாலேயே சொல்லிவிடுகிறார், உள்ளே தங்குவதற்கு ஒன்றும் இல்லை என்று ஷம்ஷாத் சொன்னாள். தெரு அதை ஒப்புக்கொண்டது.

உள்ளே தங்கியது யாருக்கு அதிகம் என்றால் அது முனிரத்தினத்துக்கு.

முனிரத்தினம் குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகும் தனியார் பேருந்தில் முப்பத்தொரு வருடம் நடத்துனர். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு, சந்தை நாளில் உருது என்று இருந்த வண்டியில், ஏறுகிறவர் படியில் கால் வைப்பதற்குள் அவர் எந்த மொழிக்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார், ஒரே மூச்சில் மூன்று மொழியிலும் முன்னால் நகரச் சொல்லுவார். நவம்பர் மாதக் கடைசியில் பக்கவாதம் வந்து கையும் காலும் விழுந்து, பிறகு கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன, பேச்சு மட்டும் வரவில்லை. "பா" என்ற ஒரு சத்தம்தான் மிச்சம். தண்ணீருக்கும் பா, வெயிலுக்கும் பா, மனைவிக்கும் பா.

மனைவி வரலட்சுமி அவரைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த பெண் சின்ன வயது, நல்ல மாதிரி, தனக்குச் சொல்லிக்கொடுத்ததையே அவளும் சொன்னாள்: பேச்சு வருவதென்றால் ஆறு மாதத்துக்குள் வந்துவிடும், அதற்கப்புறம் நம்பிக்கை வைக்க வேண்டாம், வீட்டில் ஒரே ஒரு மொழிதான் பேச வேண்டும், பல மொழி கலந்தால் மூளை குழம்பும், தமிழ் மட்டும் போதும். வரலட்சுமி வீட்டுக்கு வந்து தெலுங்கு சேனல்களை நிறுத்தினாள், ஊரிலிருந்து அக்கா போன் செய்தால் வாசலுக்குப் போய்ப் பேசினாள், பூனை, பூட்டு, பூசணி என்று படம் போட்ட அட்டையைச் சுவரில் மாட்டி, ஐம்பத்தொன்பது வயதுக் கணவரை ஸ்டூலில் உட்காரவைத்து, "இது பூனை, சொல்லுங்க, பூனை," என்று காலையும் மாலையும் சொன்னாள். முப்பத்து நான்கு வருடமாக "ஏமண்டி" என்றே கூப்பிட்டவள், இப்போது "ஏங்க" என்று கூப்பிடும்போதெல்லாம் வேறு யாருடைய வீட்டுக்காரரையோ கூப்பிடுவதுபோல் கூச்சப்பட்டாள். காய்கறி வாங்கவும் குழாயடியில் சண்டை போடவும் அவளிடம் தமிழ் இருந்தது, அவரிடம் பேசுவதற்கு இல்லை. அதனால் வீட்டில் பூனையைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

கத்திரி முடிகிற அன்றோடு ஆறு மாதம் முடிகிறது. அந்தத் தேதியை அவள் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

பியூலா முனிரத்தினத்தின் முதுகில் கை வைத்தது கத்திரியின் பத்தாம் நாள். கழுத்திலிருந்து இடுப்புவரை ஓர் அங்குலம் விடாமல் எழுத்து. பள்ளியில் பிரெயில் எழுதும்போது தாளின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் குத்துவார்கள், முன்பக்கத்தில் புள்ளி எழும்பும். உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து ஐந்து மாதத்துக்கு மேலாக ஓயாமல் குத்திக்கொண்டிருப்பதுபோல் அவளுக்கு இருந்தது. முதலில் எழுத்து பிசகியிருக்கிறது என்றுதான் நினைத்தாள். பிறகு இருந்ததை இருந்தபடியே படித்தாள்.

"ஈ பில்லி பொம்மலு வத்து, நான் இன்னா சின்னப் பிள்ளையா, க்யா சம்ஜே மேரேகூ."

வரலட்சுமியின் கையிலிருந்த பவுடர் டப்பா கீழே விழுந்தது. "பூனைப் படம் வேணாம்ன்றாரு," என்றாள், குரல் அவளுடையதுபோலவே இல்லை.

"நடுவுல இருக்கறது எனக்குப் புரியுது ஆன்ட்டி," என்றாள் பியூலா. "கடைசியில இருக்கறதுதான்…"

பக்கத்து வீட்டில் தன் வாசலில் தைத்துக்கொண்டிருந்த ஷம்ஷாத் மிஷினை நிறுத்தினாள். "என்னை இன்னான்னு நெனச்சீங்கன்னு கேக்குறாரு, அண்ணன். கோவமா கீறாரு."

முனிரத்தினத்தின் ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்தார். "பா," என்றார்.

ஆனால் வரலட்சுமி சிரிக்கவில்லை. அன்று மாலை பியூலாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா, நீ தமிழை மட்டும் படி," என்றாள். "மத்தது வந்தா விட்டுடு. கலந்தா குழம்பிடுவாருன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. இன்னும் பதினஞ்சு நாள்தான் கீது."

"அவரு எழுதறதே கலந்துதான் ஆன்ட்டி."

"அதனாலதான் பேச்சு வரல."

பியூலா எதிர்த்துப் பேசிப் பழகாதவள். அடுத்த ஐந்து நாளும் அவள் தெலுங்கையும் உருதையும் விரலால் தாண்டித் தாண்டித் தமிழை மட்டும் எடுத்துப் படித்தாள், படித்தது கிழிந்த டிக்கெட்டுகள்போல் வந்தது: "…அப்புறம் நான்… முன்னாடி நகரு… சில்லறை… சொன்னேன் இல்ல…" ஒவ்வொரு நாளும் வரிகள் குறைந்தன, புள்ளிகள் சீழ்கோத்துப் பெரிதாயின, தொட்டால் அவர் சுளித்தார். ஆறாம் நாள் பியூலா வந்தபோது அவர் ஸ்டூலில் இல்லை. பாயில் மல்லாந்து படுத்திருந்தார், புண்ணாயிருந்த முதுகு தரையில் அழுந்த, அழுந்துகிற வலி மூச்சில் தெரிய, திரும்ப மறுத்தார். வரலட்சுமி கெஞ்சினாள். சுவர்ப்பக்கம்கூடத் திரும்பவில்லை, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதுகையும் மூடிக்கினாரே," என்றாள் வரலட்சுமி.

ஷம்ஷாத் ஊசியை வாயில் கடித்தபடி வாசலிலிருந்தே பேசினாள். "வரம்மா, கோச்சுக்காத. அண்ணன் வண்டியில நான் எத்தினி தடவ வந்துருப்பேன். செக்போஸ்ட் தாண்டினா கல்லுமேடுன்னு ஒரு எடம், வீடு இல்ல வாசல் இல்ல, ஒரு ஆளு ஏறி நான் பாத்ததில்ல. டிரைவரு நிறுத்த மாட்டேன்னு தெனம் சண்டை. இவரு விட மாட்டாரு. யாராவது ஒருத்தர் நிப்பாங்கன்னுவாரு. காலி எடத்துக்கே நிறுத்தின மனுஷன். அவரு முதுகுல வர்றதுல பாதிய நீ ஏத்திக்க மாட்டேன்றியே."

வரலட்சுமி அட்டையைப் பார்த்தாள். பூனை அவளைப் பார்த்தது. காலண்டரில் வட்டத்துக்கு இன்னும் ஒன்பது கட்டம் இருந்தது. இந்த ஒன்பதையும் கெடுத்தால் அப்புறம் சாகிறவரைக்கும் பாதான் என்று அவளுக்குத் தெரியும், கெடுக்காவிட்டால் அந்தப் பாவும் இருக்காது என்பதும் தெரிந்தது. எழுந்து அட்டையைக் கழற்றி, முறத்தின் அடியில் வைத்துவிட்டு, பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, ஐந்தரை மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததை எடுத்தாள்.

"ஏமண்டி."

அவர் கூரையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, மெதுவாக, ஒரு கையை ஊன்றி, திரும்பிப் படுத்தார்.

அதற்கப்புறம் ஒன்பது நாளும் அந்த வீட்டு வாசல் பேருந்து நிலையம்போல் இருந்தது. காலையில் முனிரத்தினம் ஸ்டூலில் உட்காருவார், பியூலா படிப்பாள், தெலுங்கு வந்தால் வரலட்சுமி, உருது வந்தால் ஷம்ஷாத், தமிழ் வந்தால் தெருவே. ஏகாம்பரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்று, பியூலாவின் உதட்டையும் முனிரத்தினத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போவார். பெரிய சங்கதி எதுவும் முதுகில் வரவில்லை. சட்னியில் உப்பு இல்லை, விசிறி இந்தப் பக்கம், சலோமி வீட்டுக்காரர் வண்டியை ஏன் குறுக்கே நிறுத்துகிறார், வரலட்சுமி ஏன் இளைத்துப்போனாள். கடைசியாகச் சொன்னதை வரலட்சுமி தெலுங்கில் கேட்டாள், தமிழில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள், யாரும் வற்புறுத்தவில்லை.

பியூலாவுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிய ஆரம்பித்தது.

"ஆகலிகா உந்தி," என்று ஒரு நாள் படித்தாள்.

"பசிக்குதுன்றாரு."

"ஆன்ட்டி, அந்தக் கடைசி வார்த்தை நேத்தும் வந்துச்சு. உந்தின்னா?"

"இருக்குதுன்னு அர்த்தம் பாப்பா. எதுக்கும் அதான். பசி உந்தி, வெயில் உந்தி, வேலை உந்தி."

அவள் அன்று முழுக்க அதைச் சொல்லிப் பார்த்தாள். விசிறி உந்தி. அக்கா உந்தி. வங்கித் தேர்வு உந்தி. அவள் தப்பாகச் சொன்னபோதெல்லாம் முனிரத்தினத்தின் தோள் குலுங்கியது, விரலுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் வாயில் மட்டும் பாதான்.

கடைசி நாள் காலையிலிருந்தே காற்று இல்லை. வரலட்சுமி காலண்டர் பக்கம் போகவில்லை. மூன்று மணிக்கு மலைப்பக்கம் இருண்டது, தெருவில் காயப்போட்ட துணிகளை எடுக்க ஓடினார்கள், எல்லோர் உடம்பிலும் எழுத்து கலைய ஆரம்பித்தது. குளிர்ந்த காற்று பட்டால் வேர்க்குரு அமுங்கும், அது இயல்பு. பியூலா ஓடிவந்து, அவர் பின்னால் உட்கார்ந்து, விரலை வைத்தாள். புள்ளிகள் விரலுக்கடியிலேயே கற்கண்டுபோல் கரைந்துகொண்டிருந்தன.

"சீக்கிரம் படி பாப்பா," என்றாள் வரலட்சுமி. "போறதுக்குள்ள."

அன்று முதுகில் வாக்கியம் எதுவும் இல்லை. ஊர்ப் பெயர்கள் மட்டும், வரிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழே.

"குடியாத்தம். ரைஸ்மில். தர்கா. மாந்தோப்பு."

சாரல் வாசலுக்குள் அடித்தது. யாரும் நகரவில்லை.

"பரதராமி. செக்போஸ்ட்."

அடுத்த வரி இருக்க வேண்டிய இடத்தில் தோல் வழவழவென்று இருந்தது. பியூலா காத்திருக்காமல் அதற்கும் கீழே இறங்கினாள், அங்கே இன்னும் மூன்று நான்கு புள்ளி மிச்சம் இருந்தது.

"சித்தூ—"

"ஓல்டான்."

வண்டியை நிறுத்தச் சொல்லும் நடத்துனர் குரல் கேட்டு, பேருந்து ஏதோ தெருவுக்குள் வந்துவிட்டது என்று நினைத்து ஷம்ஷாத் வெளியே எட்டிப் பார்த்தாள். தெருவில் மழை மட்டும்தான் இருந்தது. வரலட்சுமி கணவரின் வாயைப் பார்த்தாள். அது இன்னும் மூடவில்லை.

"கல்லு," என்றார் முனிரத்தினம். கழுத்து நரம்பு புடைத்தது. "கல்லுமேடு."

பியூலா விரலை மேலே கொண்டுபோய் அந்த வழவழப்பை இரண்டு தரம் தடவினாள். "இங்க ஒண்ணும் இல்லையே சார்," என்றாள்.

அவர் முப்பத்தொரு வருடமாக டிரைவரைப் பார்த்த அதே பார்வையோடு தலையைத் திருப்பினார்.

"உந்தி."

வரலட்சுமி அர்த்தம் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லத் தேவை இருக்கவில்லை. பியூலா தலையை ஆட்டி, ஒரு புள்ளிகூட இல்லாத, மழை பட்டுக் குளிர்ந்த அந்த இடத்தில் விரலை வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்தி, நிறுத்தி, நிதானமாகப் படித்தாள்.

"கல்லுமேடு."

தெருமுனையில், இஸ்திரி வண்டிக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்த ஏகாம்பரம், எதுவும் கேட்டிருக்க முடியாத ஏகாம்பரம், மழைக்கு நடுவில் நடத்துனரின் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேருந்தை நிறுத்துகிறவர்போல் ஒரு கையை நீட்டினார்.

முனிரத்தினம் அவரைப் பார்த்தார். ஓர் ஆள் படியில் கால் வைத்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பொறுத்தார்.

"ரைட்," என்றார்.